வழக்குகள் நிலுவையில், வேட்பாளர் மேடையில்

2019ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதக் கடைசி. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் போட்டிருந்த கொட்டகைக்குள் இருந்தேன். அந்த ஆண்டு நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல். கோத்தாபய ராஜபக்ஷ பொதுஜன பெரமுனவின் வேட்பாளராக அறிவிக்கப்பட்டு ஏழு வாரங்கள் ஆகியிருந்தன. என் பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

“தம்பி, என்ர பெறாமகன் வெளிநாடு போக பொலிஸ் ரிப்போட்டுக்குப் போட்டவன். ஒரு சின்னச் சண்டை வழக்குக் கிடந்ததெண்டு குடுக்கேல்லை. இந்தாளுக்கு இத்தினை வழக்குக் கிடக்கு. இவர் எப்பிடி ஜனாதிபதிக்குக் கேக்கிறார்?”

சட்டத்தில் தடை இல்லை அம்மா என்று சொன்னேன். “அப்ப வென்டால் அந்த வழக்குகளுக்கு என்ன நடக்கும்?” என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கு நான் அன்று சொன்ன பதில் அரைகுறை. முழுப் பதிலைத் தெரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. அதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன். அடுத்த தேர்தலிலும் இதே கேள்வி வரும், வேறு பெயர்களோடு.

முதலில் சட்டம். இலங்கை அரசியலமைப்பின்படி, குற்றம் சாட்டப்பட்டிருப்பது தேர்தலில் நிற்பதற்குத் தடை அல்ல. தண்டிக்கப்படுவதே தடை. இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றம் ஒன்றுக்காக, ஆறு மாதங்களுக்குக் குறையாத சிறைத்தண்டனையை ஒருவர் அனுபவித்தால், அது முடிந்து ஏழு ஆண்டுகள் வரை அவர் வாக்காளராகவே தகுதி இழக்கிறார் என்கிறது 89ஆவது உறுப்புரை. வாக்காளராக இருக்கத் தகுதியற்றவர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் முடியாது, ஜனாதிபதி வேட்பாளராகவும் முடியாது. ஆனால் அதற்குத் தீர்ப்பு வரவேண்டும். நம்முடைய நீதிமன்றங்களில் ஒரு காணி வழக்கே தகப்பனிடமிருந்து மகனுக்குக் கைமாறும். அதிகாரம் உள்ள ஒருவர் மீதான வழக்கில் தீர்ப்பு எப்போது வரும் என்பது வாசகர் அறிந்ததே.

இந்த விதியில் ஒரு நியாயம் இருப்பதையும் சொல்லவேண்டும். குற்றச்சாட்டு மட்டுமே போதும் என்றால், ஆட்சியில் இருப்பவர் தனக்குப் பிடிக்காத எவர் மீதும் ஒரு வழக்கைப் போட்டுத் தேர்தலிலிருந்து அகற்றிவிடலாம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஆண்டுக்கணக்காக உள்ளே கிடந்த எங்கள் இளைஞர்களை நினைத்தால், அந்த விதி யாரைக் காப்பாற்றும் என்பது விளங்கும். எனவே அந்த அம்மாவின் முதல் கேள்விக்கு என் பதில் இன்றும் அதுதான். ஆனால் இந்தியாவில் வேட்பாளர் ஒவ்வொருவரும் தன் மீது நிலுவையில் உள்ள குற்றவியல் வழக்குகளைச் சத்தியக் கடதாசியில் வெளியிடவேண்டும். வாக்காளர் அதைப் பார்த்துவிட்டு வாக்களிக்கலாம். நம்முடைய வேட்புமனுவோடு சொத்து விபரம் கேட்கப்படுகிறது. வழக்கு விபரம் கேட்கப்படுவதில்லை.

இனி 2019. வழக்கு என்ற ஒரே சொல்லுக்குள் நாங்கள் எல்லாவற்றையும் போட்டுவிடுகிறோம். அந்த ஆண்டு கோத்தாபய ராஜபக்ஷ நான்கு விதமாக நீதிமன்றங்களோடு தொடர்புபட்டிருந்தார். ஒன்றில் குற்றம் சாட்டப்பட்டவர். இன்னொன்றில் குடியுரிமை கேள்விக்குள்ளான பிரதிவாதி. அமெரிக்காவில் நட்டஈட்டு வழக்கின் எதிராளி. யாழ்ப்பாணத்தில் சாட்சி. இந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் ஒவ்வொன்றும் வெவ்வேறு வழியில் நின்றுபோனது.

குற்றம் சாட்டப்பட்டவராக அவர் நின்றது கொழும்பு விசேட மேல் நீதிமன்றத்தில். மெதமுலனவில் பெற்றோருக்கு நினைவு நூதனசாலை அமைப்பதற்கு, தாழ்நில அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் பொதுப்பணம் சுமார் 3 கோடியே 39 இலட்சம் ரூபா பயன்படுத்தப்பட்டது என்பது குற்றச்சாட்டு. 2018 செப்டெம்பரில் அவருக்கும் வேறு ஆறு பேருக்கும் எதிராக வழக்குத் தொடங்கியது. மிதக்கும் ஆயுதக் களஞ்சியம் தொடர்பான அவன்ட் கார்ட் விவகாரமும் இருந்தது. கவனித்துப் பாருங்கள், இரண்டும் பணத்தைப் பற்றியவை. 2015இல் வந்த அரசாங்கம் நான்கரை ஆண்டுகளில் அவர் மீது உள்நாட்டில் கொண்டுவந்த வழக்குகளில், போரின் கடைசி மாதங்களில் நடந்த எதைப்பற்றியும் ஒரு குற்றப்பத்திரிகை இல்லை. நூதனசாலைக்கான பணம் எங்கள் கவலை அல்ல என்று கொட்டகையில் இருந்த ஒருவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

அவருடைய வேட்புமனுவை உண்மையில் அசைத்தது குடியுரிமை வழக்குத்தான். அவர் 2003இல் அமெரிக்கப் பிரஜையானவர். 2005இல் நாடு திரும்பி, அண்ணன் மஹிந்த ஜனாதிபதியானதும் இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ் பெற்றுப் பாதுகாப்புச் செயலாளரானார். 2015இல் வந்த 19ஆவது திருத்தம் வேறு நாட்டுப் பிரஜை ஒருவர் ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிடுவதைத் தடுத்தது. அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்துவிட்டதாக அவர் தரப்புக் கூறியது. பேராசிரியர் சந்திரகுப்த தேனுவரவும் எழுத்தாளர் காமினி வியங்கொடவும் மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றனர். அவர்கள் கேட்டது வேறொரு கேள்வி. 2005 நவம்பர் 21ஆம் திகதியிட்ட அந்தச் சான்றிதழில் கையொப்பமிட்டவர் மஹிந்த ராஜபக்ஷ. அவர் பதவியேற்று இரண்டே நாட்கள், அமைச்சரவையும் அமைக்கப்படவில்லை. குடியுரிமைச் சட்டம் அமைச்சருக்குக் கொடுத்த அதிகாரத்தை அவர் எப்படிப் பயன்படுத்தினார்? அந்தச் சான்றிதழ் செல்லாது என்றால், கோத்தாபய இலங்கைப் பிரஜையே அல்லர் என்று ஆகிவிடும்.

அந்த வாரம் கொழும்பில் என்ன பதற்றம் இருந்தது என்பதற்கு ஒரு அடையாளம் போதும். தம்பி தகுதி இழந்தால் என்ன செய்வது என்று அண்ணன் சமல் ராஜபக்ஷ சுயேச்சையாகக் கட்டுப்பணம் செலுத்தி வைத்தார். ஒக்டோபர் 4 வெள்ளிக்கிழமை மாலை மூன்று நீதியரசர்களும் ஏகமனதாக மனுவைத் தள்ளுபடி செய்தனர். நிறைவேற்று அதிகாரம் முழுவதும் ஜனாதிபதியிடம் இருப்பதால், அமைச்சர் இல்லாத இடைவெளியில் அவரே அதைச் செய்யலாம் என்பது தீர்ப்பின் சாரம். திங்கட்கிழமை, 7ஆம் திகதி, வேட்புமனுத் தாக்கல். 35 பேர் களத்தில் இறங்கினர், சமல் மனுத் தாக்கல் செய்யவில்லை. சட்டவியலில் இந்தத் தீர்ப்பைப் பற்றி வாதிடலாம். நான் கவனித்தது வேகத்தை. மனுத் தாக்கலாகி ஒரு வாரம் அளவில் விசாரணை முடிந்து தீர்ப்பும் வந்துவிட்டது. நீதிமன்றம் விரும்பினால் விரைவாக நடக்கும் என்பதை அன்று கண்டோம்.

யாழ்ப்பாண வழக்கு அப்படி நடக்கவில்லை.

லலித் குமார் வீரராஜ், குகன் முருகானந்தன் என்ற இரு செயற்பாட்டாளர்களும் 2011 டிசெம்பர் 9ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டவர்கள். திரும்பவில்லை. மறுநாள் சர்வதேச மனித உரிமைகள் தினம். அவர்கள் ஆயுதம் எடுத்தவர்கள் அல்லர். ஜே.வி.பி.யிலிருந்து பிரிந்த இடதுசாரி அணி ஒன்றோடு நின்று, காணாமல்போனவர்களின் குடும்பங்களை ஒன்றுசேர்த்த வேலையில் இருந்தவர்கள். போர் முடிந்து இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு, காணாமல் போனவர்களைத் தேடியவர்களே காணாமல் போனார்கள். குடும்பங்கள் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தன. மேன்முறையீட்டு நீதிமன்றம் விசாரணையை யாழ்ப்பாணம் நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பியது.

ஆட்கொணர்வு மனு என்பது தண்டனை கேட்கும் வழக்கு அல்ல. ஆளை நீதிமன்றத்தின் முன் கொண்டுவா, அல்லது எங்கே என்று சொல் என்பது மட்டுமே. முள்ளிவாய்க்காலில் கையளித்த பிள்ளைகளுக்காகத் தாய்மார் தொடுத்ததும் இதே மனுத்தான். லலித், குகன் வழக்கில் அப்போதைய பாதுகாப்புச் செயலாளர் சாட்சியாக வரவேண்டும் என்று அழைப்பாணை போனது. 2019 செப்டெம்பர் 27ஆம் திகதிக்குத் தவணை. அவர் வரவில்லை. யாழ்ப்பாணம் வருவது தன் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் என்று மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினார், அழைப்பாணைக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. அந்தக் கொட்டகைப் பேச்சு நடந்தது இதற்கு அடுத்த நாள்களில்தான். பத்து ஆண்டுகளாக யாழ்ப்பாணத்தில் பயம் இல்லை, புலிகள் இல்லை, எல்லாம் முடிந்தது என்று சொன்ன தரப்பு, ஒரு நீதவானின் முன் வந்து ஒரு மணி நேரம் சாட்சி சொல்வதற்கு மட்டும் யாழ்ப்பாணத்தைப் பயங்கரமான இடமாகக் கண்டது. இதைச் சொல்லிச் சிரித்தவர்களும் உண்டு. குகனின் குடும்பத்துக்குச் சிரிப்பதற்கு எதுவும் இருக்கவில்லை.

அமெரிக்க வழக்குகள் வேறு பாதை. 2019 ஏப்ரலில் கலிபோர்னியாவில் அவர் நின்றபோது, ஒரு பல்பொருள் அங்காடியின் வாகனத் தரிப்பிடத்தில் வழக்குப் பத்திரங்கள் கையில் கொடுக்கப்பட்டன. 2009 ஜனவரி 8ஆம் திகதி கொல்லப்பட்ட ‘சண்டே லீடர்’ ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவின் மகள் அகிம்சா ஒரு வழக்கைத் தொடுத்தார். தடுப்பில் சித்திரவதை செய்யப்பட்டதாகக் கூறிய கனேடியத் தமிழர் ஒருவர் இன்னொன்றைத் தொடுத்தார், பின்னர் மேலும் பத்துப் பேர் அதில் இணைந்தனர். இவை நட்டஈடு கோரும் வழக்குகள். தோற்றாலும் சிறை இல்லை. ஆனால் முதன்முதலாக, அந்தப் பெயரை எதிராளி என்று எழுதி ஒரு நீதிமன்றத்தில் கோவை திறக்கப்பட்டது. அந்தப் பதினொரு பேருக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று வெளியில் நிற்கும் நான் சொல்ல முயலவில்லை.

ஒக்டோபர் 15ஆம் திகதி கொழும்பில் நடந்த செய்தியாளர் சந்திப்பில், சரணடைந்தவர்கள் எங்கே என்று அவரிடம் கேட்கப்பட்டது. இராணுவத்தை வழிநடத்தியவர் தான் அல்லர், இராணுவத் தளபதியே என்ற பொருளில் பதில் வந்தது. ஆறு நாட்கள் கழித்து, 21ஆம் திகதி, கலிபோர்னிய நீதிமன்றம் அகிம்சாவின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. சொல்லப்படும் செயல்கள் அவர் அரச அதிகாரியாக, பதவியின் பெயரில் செய்தவையாகக் கொள்ளப்படுவதால், வெளிநாட்டு அதிகாரிக்குரிய விடுபாட்டுரிமை அவருக்கு உண்டு என்பது காரணம். அங்கே குற்றம் நடந்ததா இல்லையா என்பது விசாரிக்கப்படவே இல்லை. இங்கே ‘நான் வழிநடத்தவில்லை’. அங்கே ‘அது உத்தியோகபூர்வச் செயல்’. இரண்டையும் ஒரே வாரத்தில் வாசித்தோம்.

பிறகு நவம்பர் 16. அவர் 69 இலட்சத்து 24 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகள், 52.25 வீதம் பெற்றார். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவர்கள் சஜித் பிரேமதாசவுக்கு வாக்களித்திருந்தனர். அவர் மீது கொண்ட அன்பினால் அல்ல. 18ஆம் திகதி அநுராதபுரம் ருவன்வெலிசாயவில் பதவியேற்பு.

இப்போது அந்த அம்மாவின் இரண்டாவது கேள்வி. அரசியலமைப்பின் 35ஆவது உறுப்புரை, ஒருவர் ஜனாதிபதிப் பதவியில் இருக்கும் காலத்தில் அவருக்கு எதிராகக் குடியியல், குற்றவியல் வழக்குகளைத் தொடங்கவோ தொடரவோ முடியாது என்கிறது. ‘தொடரவோ’ என்ற சொல்லைப் பாருங்கள். உத்தியோகபூர்வச் செயலுக்கு மட்டுமல்ல, தனிப்பட்ட செயலுக்கும் அது பொருந்தும். பதவிக்கு முன் நடந்த செயலின் மீதான வழக்கும் இதற்குள் அடங்கியது. நவம்பர் 21ஆம் திகதி விசேட மேல் நீதிமன்றம் நூதனசாலை வழக்கிலிருந்து அவரை விடுவித்தது. அமெரிக்காவில் அரச தலைவருக்குரிய விடுபாட்டுரிமை குறுக்கே வந்தது. சித்திரவதை வழக்கைத் தொடுத்தவர்கள் அதை மீளப் பெற்றனர்.

விடுபாட்டுரிமை ஜனாதிபதி ஒருவருக்குத்தான். ஆனால் அதிகாரம் அதைவிட நீளமானது. குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் பணிப்பாளர் ஷானி அபேசேகர சில நாட்களிலேயே மாற்றப்பட்டார், 2020 ஜூலையில் கைதும் செய்யப்பட்டார். லசந்த கொலை விசாரணையில் முன்னின்ற அதிகாரி நிஷாந்த சில்வா நவம்பர் 24ஆம் திகதி குடும்பத்தோடு சுவிட்சர்லாந்துக்குப் புறப்பட்டார். 2020 ஜனவரியில் அரசியல் பழிவாங்கல்களை விசாரிக்க என்று ஒரு ஆணைக்குழு அமைக்கப்பட்டது. கொழும்பிலும் புறநகரிலும் பதினொரு இளைஞர்கள் கடத்தப்பட்ட வழக்கில் கடற்படையினருக்கு எதிரான நடவடிக்கையை நிறுத்துமாறு சட்டமா அதிபருக்கே அது பணித்தது. அவர் அதற்குக் கட்டுப்பட மறுத்தார். அதே மாதம், காணாமல் போனவர்கள் இறந்துவிட்டார்கள் என்று ஜனாதிபதி ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னார். மார்ச் 26ஆம் திகதி, மிருசுவிலில் 2000ஆம் ஆண்டு ஐந்து வயதுக் குழந்தை உட்பட எட்டுப் பேரைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்று, உயர் நீதிமன்றமும் தீர்ப்பை உறுதிசெய்திருந்த இராணுவத்தினர் சுனில் ரத்நாயக்கவுக்குப் பொதுமன்னிப்பு. அரிதாகக் கடைசிவரை போய்ச் சேர்ந்த ஒரு வழக்கு, ஒரு கையொப்பத்தில் கலைந்தது.

இதை ஒரு குடும்பத்தின் கதையாக மட்டும் சொன்னால் நான் நேர்மையாக எழுதவில்லை என்று ஆகும். 2005 நத்தார் நாளில் மட்டக்களப்புத் தேவாலயத்தில் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில், 2015 முதல் விளக்கமறியலில் இருந்த பிள்ளையான் என்கிற சிவநேசதுரை சந்திரகாந்தன், 2020 ஓகஸ்ட் பொதுத் தேர்தலில் சிறையிலிருந்தே போட்டியிட்டு 54,198 விருப்பு வாக்குகள் பெற்றார். மாவட்டத்திலேயே அதிகம். வாக்களித்தவர்கள் தமிழர்கள். 2021 ஜனவரியில், வழக்கைத் தொடரப் போவதில்லை என்று சட்டமா அதிபர் தரப்புச் சொல்ல, அவர் விடுவிக்கப்பட்டார். அதே தேர்தலில் இரத்தினபுரியில் பிரேமலால் ஜயசேகர கொலைக் குற்றத்துக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டு ஐந்தாவது நாளில் வென்றார், சிறையிலிருந்து வந்து சத்தியப்பிரமாணம் செய்தார், 2022இல் மேன்முறையீட்டில் விடுதலையானார். ‘எங்கட ஆள்’ என்றால் வழக்கு பொய், ‘அவங்கட ஆள்’ என்றால் வழக்கு உண்மை என்ற கணக்கு எல்லாச் சமூகத்திலும் ஓடுகிறது. பரராஜசிங்கத்தைக் கொன்றது யார் என்ற கேள்வி இன்னும் அப்படியே கிடக்கிறது.

2022 ஜூலை 13ஆம் திகதி கோத்தாபய மாலைதீவுக்குப் போனார், அங்கிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து பதவி விலகல் கடிதம். செப்டெம்பரில் நாடு திரும்பினார். பதவி போனதும் கவசமும் போய்விட்டது. 35ஆவது உறுப்புரையில் பலர் கவனிக்காத இன்னொரு பகுதி இருக்கிறது. வழக்குத் தொடுக்கச் சட்டம் காலவரை வைத்திருந்தால், ஒருவர் ஜனாதிபதியாக இருந்த காலம் அந்தக் கணக்கில் சேராது. அதாவது அவருடைய இரண்டு ஆண்டு எட்டு மாதம் மணிக்கூட்டில் நிற்கும். இதைப் பாதிக்கப்பட்டவர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஏனென்றால் நம் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி, கொலையும் தேசத்துரோகமும் தவிர்ந்த குற்றங்களுக்கு இருபது ஆண்டுகள்தான் எல்லை. 2009 மே மாதத்தோடு கூட்டிப் பாருங்கள், 2029. கொலைக்கு எல்லை இல்லை. காணாமல் ஆக்குதல் ஆள் கிடைக்கும்வரை தொடரும் குற்றம் என்று வாதிட இடமுண்டு. ஆனால் தடுப்பில் நடந்த சித்திரவதை, பாலியல் வன்முறை போன்றவற்றுக்கு அந்த ஆண்டு நெருங்கி வருகிறது. காலம் நிற்பது ஜனாதிபதியாக இருந்தவருக்கு மட்டும். கட்டளையை நிறைவேற்றியவர்களுக்கு மணிக்கூடு ஓடிக்கொண்டே இருந்தது. எழுதிய முறைப்பாடு, வைத்தியச் சான்று, பெயர், திகதி ஆகியவற்றைக் கையில் வைத்திருப்பவர்கள் ஒரு சட்டத்தரணியோடு இதைப் பேசவேண்டும், விரைவாக.

லலித், குகன் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. யாழ்ப்பாண அழைப்பாணை நிறுத்தப்பட்டதை எதிர்த்துக் குடும்பத்தினர் செய்த மனுவில், 2022 ஒக்டோபரில் முன்னாள் ஜனாதிபதிக்கு அறிவித்தல் அனுப்பப்பட்டது. அவர் மீது அங்கு எவரும் குற்றம் சாட்டவில்லை. தெரிந்ததைச் சொல்லும்படி கேட்டார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கொட்டகைக்கு நான் பிறகும் போயிருக்கிறேன். சுவரில் படங்கள் கூடியிருந்தன. பிள்ளையைத் தேடி வந்து, பதில் கிடைக்காமலே இறந்துபோன தாய் தகப்பன்மாரின் படங்கள். கேள்வி கேட்ட அம்மா அதே இடத்தில் இருந்தார். 35ஆவது உறுப்புரையை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப பதவியால இறங்கினாப் பிறகு கூப்பிடலாம் எண்டுறியள்?”

“ஓம் அம்மா, சட்டப்படி கூப்பிடலாம்.”

“சரி. தவணை எப்ப எண்டு கேட்டுச் சொல்லுங்கோ தம்பி. நாங்கள் பஸ் பிடிச்சு வருவம்.”